மூலைக்கென்றே செய்த ஸ்பீக்கர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு முன் ஹோலில், கிழக்குச் சுவரின் இரண்டு மூலைகளிலும் ஆளுக்கொரு முக்கோண மரப்பெட்டி நிற்கிறது. முன்பக்கம் துணி போட்டிருக்கும். பின்பக்கம் கூம்பிப் போய்ச் சுவருக்குள் ஒட்டிக்கொள்ளும். மகளின் கலியாணத்துக்கு வந்த தூரத்து மாமி ஒருத்தர் தடவிப் பார்த்துவிட்டு, "மூலை அலுமாரி நல்ல வடிவா இருக்கு தம்பி, எங்க செய்வித்த?" என்று கேட்டார். அலுமாரி அல்ல, அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் செய்த டனாய் ஸ்பீக்கர். அன்றிலிருந்து இன்றுவரை அதைப் பார்த்தவர்கள் கேட்டதும், பழைய ஸ்பீக்கர் வாங்கப் போகிற பையன்கள் போனில் கேட்பதும்தான் இங்கே இருக்கிறது.

மூலை ஸ்பீக்கர் என்றால் மூலையில் வைக்கிற ஸ்பீக்கர்தானே? அதில் என்ன விசேஷம்?

இல்லை. சாதாரணப் பெட்டியை மூலையில் வைப்பது வேறு, மூலையை நம்பிப் பெட்டி செய்வது வேறு. மூலை ஸ்பீக்கரை வடிவமைத்தவர் உங்கள் வீட்டின் இரண்டு சுவரையும் நிலத்தையும் பெட்டியின் பாகங்களாகக் கணக்கில் எடுத்திருப்பார். அவற்றை எடுத்துவிட்டால் பெட்டி பாதிதான்.

இதிலும் இரண்டு சாதி உண்டு. ஒன்றில், பெட்டிக்குள் மடிந்து மடிந்து வரும் குழல் பெட்டிக்கு வெளியே சுவர்களுக்கு நடுவில்தான் முடியும். அமெரிக்கரான போல் கிளிப்ஷ் செய்த கிளிப்ஷ்ஹோர்ன் இந்த வகை. மற்றது, சாதாரணப் பெட்டியைப் போலவே முன்னால் ஒலிப்பது. ஆனால் மூலைக்குள் பொருந்தும்படி முக்கோணமாக வெட்டி, மூலை தருகிற பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, எதிர்பார்த்துச் செய்திருப்பார்கள். என்னுடைய டனாய், கோர்னர் லங்காஸ்டர் என்ற மாதிரி, இந்த இரண்டாவது சாதி.

மூலையில் வைத்தால் பேஸ் ஏன் கூடுகிறது?

தாழ்ந்த ஒலியின் அலை மிக நீளம். எங்கள் ஊர் வெக்கையில், 30 பாகை செல்சியஸில், ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். அப்படியானால் 50 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 50 அதிர்வு) அலையின் நீளம் 7 மீற்றர். இவ்வளவு பெரிய அலைக்கு ஸ்பீக்கர் பெட்டி ஒரு தடையே அல்ல. சுற்றிக்கொண்டு முன்னும் பின்னும் மேலும் கீழும் போய்விடும். 1000 ஹேர்ட்ஸ் அலையோ 35 சென்ரிமீற்றர்தான். அது பெட்டியின் முன்பக்கமாகவே போகும்.

ஸ்பீக்கரை மரத்தில் கட்டித் தொங்கவிட்டால் பேஸ் எல்லாத் திசைக்கும் சிதறும். நிலத்தில் வைத்தால் பாதி வெளிக்குத்தான் போக முடியும். நிலமும் ஒரு சுவரும் என்றால் கால்வாசி வெளி. மூலை என்றால் எட்டில் ஒரு பங்கு. ஸ்பீக்கரின் அசைகிற கூம்பான கோன் அதே அளவுதான் அசைகிறது. ஆனால் ஒவ்வொரு படியிலும் வெளியே வருகிற சக்தி இருமடங்காகிறது. மூன்று படியில் எட்டு மடங்கு, அதாவது 9 டெசிபல். அம்பிளிபயரைத் தொடவேயில்லை. சுவர் கட்டின மேசன்தான் இந்த வேலையைச் செய்தவர்.

நம்பாவிட்டால் இப்படிச் செய்து பாருங்கள். கூத்து மத்தளம் அடிக்கிற ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுவிட்டு, நடு அறையில் நின்று கேளுங்கள். பிறகு நடந்து போய் ஒரு மூலைக்குள் தலையை நீட்டுங்கள். மத்தளம் அங்கேயே இருந்து அடிப்பது போல வயிற்றில் விழும். வைக்கும்போது எந்த மூலை பேஸை அதிகம் தருமோ, கேட்கும்போதும் அந்த மூலையில்தான் பேஸ் அதிகம் கேட்கும்.

அப்படியென்றால் எந்த ஸ்பீக்கரையும் மூலையில் தள்ளிவிடலாமே?

தள்ளலாம். ஆனால் இப்போது வருகிற பெட்டிகள் பெரும்பாலும் சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி வைக்கச் செய்தவை. அவற்றை மூலைக்குள் தள்ளினால் பேஸ் வீங்கிப் போகும். பாடுகிறவர் பானைக்குள் இருந்து பாடுவது போலிருக்கும்.

தள்ளி வைப்பதிலும் ஒரு கோளாறு உண்டு. பெட்டிக்கும் சுவருக்கும் 1 மீற்றர் இடைவெளி என்றால், சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலி 87 ஹேர்ட்ஸ் அளவில் நேர் ஒலிக்கு எதிராக வந்து அதை விழுங்கிவிடும். இடைவெளி நீளமாக ஆக, விழுங்குகிற சுருதி கீழே போகும். அமெரிக்கப் பொறியியலாளர் ரோய் அலிசன் 1974இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் ஒழுங்காக அளந்து காட்டியது. வூஃபருக்கும் (பேஸ் ஒலிக்கிற ஸ்பீக்கர்) நிலம், இரண்டு சுவர் ஆகிய மூன்று மேற்பரப்புகளுக்கும் உள்ள தூரம் ஒரே அளவாக இருந்தால், விழுங்கப்பட்ட சுருதியில் விழுகிற குழி மிக ஆழமாகும் என்பது அதில் ஒன்று. பிறகு அவர் தன் பெயரிலேயே செய்த ஸ்பீக்கர்களில் வூஃபரை நிலத்துக்கும் சுவருக்கும் மிகக் கிட்டக் கொண்டுபோய் வைத்தார். அப்படி ஒட்டி வைத்தால் அந்தக் குழி மேலே, வூஃபர் வேலை செய்யாத சுருதிக்குப் போய்விடும். மூலைக்கென்றே அவர் செய்த மாதிரியும் உண்டு.

இவற்றை யார், எதற்காகச் செய்தார்கள்?

வசதியில்லாமல்தான். 1930களிலும் 40களிலும் வீட்டு அம்பிளிபயர் என்றால் வால்வு போட்டது, ஐந்து வாட், பத்து வாட். அதை வைத்துக்கொண்டு ஹோல் நிறையப் பேஸ் வேண்டுமென்றால் ஸ்பீக்கர் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் போல் வொய்ற் முப்பதுகளிலேயே வீட்டு மூலைக்கான குழல் ஸ்பீக்கர் செய்தார். அமெரிக்காவில், ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஹோப் என்கிற சின்ன ஊரில், கிளிப்ஷ் 1946இல் தன் கம்பனியைத் தொடங்கிக் கிளிப்ஷ்ஹோர்னை விற்க ஆரம்பித்தார். அது இன்றும் அங்கே தயாராகிறது. டனாயின் ஸ்தாபகர் கை ஃபவுண்டனின் கையொப்பத்தோடு 1953இல் ஓட்டோகிராப் வந்தது. 1954இல் அமெரிக்கக் கம்பனி ஜேபிஎல்லின் ஹார்ட்ஸ்ஃபீல்ட். எலெக்ரோ-வொய்ஸ் பட்ரீஷியன் என்ற பெரும் பெட்டியைச் செய்தது. அதன் பிந்திய மாதிரியில் இருந்த வூஃபர் 30 அங்குலம். எங்கள் வீட்டுச் சுளகை விடப் பெரிது.

அப்புறம் இரண்டு விஷயம் சேர்ந்து இவற்றை வீழ்த்தின. 1954இல் எட்கர் வில்ச்சர் அக்கூஸ்ரிக் ரிசேர்ச் என்ற கம்பனியில், காற்று இறுக அடைத்த சின்னப் பெட்டியிலேயே ஆழமான பேஸ் வரவைத்தார். 1958 அளவில் ஸ்டீரியோ இசைத்தட்டு கடைகளுக்கு வந்தது. ஒரு மூலை தேடியவர்கள் இரண்டு மூலை தேட வேண்டியதாயிற்று. பெண்சாதிமார் சின்னப் பெட்டிக்கு வாக்களித்தார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் வாக்கெடுப்பு வைத்தாலும் அதுதான் நடக்கும்.

கிளிப்ஷ்ஹோர்னில் சுவர் எப்படி ஸ்பீக்கராகிறது?

வாவிக்கு அக்கரையில் நிற்கிற தோணிக்காரரைக் கூப்பிடும்போது கையைக் குவித்து வாயில் வைக்கிறோம். அதுதான் குழல். கோயில் திருவிழாவுக்குக் கம்பத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரும் அதே. ஆனால் அதில் தவிலின் கணீர் வரும், தொப்பி என்கிற தாழ்ந்த பக்கத்தின் ஒலி வராது. காரணம், குழாயின் வாய் சின்னது. ஒரு குழல் எவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தள்ள வேண்டுமோ, அந்த அலையின் நீளமளவுக்கு அதன் வாயின் சுற்றளவு இருக்க வேண்டும்.

கணக்குப் போடுவோம். 35 ஹேர்ட்ஸ் அலை 10 மீற்றர் நீளம். 10 மீற்றர் சுற்றளவுள்ள வட்டத்தின் விட்டம் மூன்று மீற்றருக்கு மேல், பரப்பு 8 சதுர மீற்றர். அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூரையைக் கழற்ற வேண்டும். ஆனால் மூலையில் வைத்தால் வெளி எட்டில் ஒன்றாகிறதல்லவா? வாயும் எட்டில் ஒன்று போதும். 1 சதுர மீற்றர். அதைப் பெட்டியின் இரண்டு பக்கத்துக்கும் பிரித்துவிட்டால் ஒரு அலுமாரி அளவுக்குள் வந்துவிடும். கிளிப்ஷின் கெட்டித்தனம் இதுதான். 15 அங்குல வூஃபர் பெட்டிக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். ஒலி உள்ளே மடிந்து வந்து, பெட்டியின் முதுகுக்கும் உங்கள் சுவருக்கும் நடுவிலுள்ள சந்து வழியாக இரண்டு பக்கமும் வெளியே வரும். 400 ஹேர்ட்ஸுக்கு மேலுள்ளதை மேலே இருக்கிற தனிக் குழல்கள் பார்த்துக்கொள்ளும்.

அதனால்தான் பழைய கிளிப்ஷ்ஹோர்னின் முதுகில் பலகை குறைவு. அது செலவு மிச்சம் பிடித்ததல்ல. அந்தப் பலகை உங்கள் சுவர்.

என் வீட்டு மூலை சரியானதா என்று எப்படிப் பார்ப்பது?

இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆனால் வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள். அக்கரைப்பற்றில் ஒரு நண்பர் நல்ல விலைக்குக் கிடைத்ததென்று ஒரு சோடி மூலைக் குழல் பெட்டியை லொறியில் இறக்கினார். ஆறு பேர் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். அப்போதுதான் ஹோலைச் சுற்றிப் பார்த்தார். ஒரு மூலையில் அறைக் கதவு. அடுத்த மூலையில் சமையலறைக்குப் போகிற வழி. மூன்றாவதில் ஜன்னல் சுவரோடு ஒட்டியபடி. நாலாவது மூலையில் சாமி அறை. இப்போது இரண்டும் நெல் மூடை அடுக்குகிற அறையில் நிற்கின்றன. அந்த அறையில் மூலை நன்றாகத்தான் இருக்கிறது, கேட்கத்தான் யாருமில்லை.

எங்கள் பக்கத்து வீடுகளில் மூலை இருக்கும், ஆனால் முழு மூலை குறைவு. காற்றுக்காகக் கட்டின வீடுகள். நாங்கள் மூலைக்குக் கிட்டத்தான் கதவும் ஜன்னலும் வைப்போம், நடுச்சுவரை அலுமாரிக்கும் படத்துக்கும் விட்டுவிட்டு. ஆகவே ஒரு அளவு நாடாவோடு உட்காருங்கள். மூலையிலிருந்து இரண்டு பக்கமும் நாலடிக்காவது சுவர் வெறுஞ்சுவராக இருக்க வேண்டும். குழல் வகைக்கு இது கட்டாயம். என்னுடையதைப் போன்ற முக்கோணப் பெட்டிக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

பிறகு சுவரை விரல் முட்டியால் தட்டுங்கள். சீமெந்துக் கல்லோ செங்கல்லோ என்றால் சத்தமே வராது. பலகைத் தட்டி என்றால் "டொக் டொக்" என்று வெற்றுச் சத்தம் வரும். அந்தச் சுவர் பேஸோடு சேர்ந்து ஆடும், அதற்குப் போகிற சக்தி உங்களுக்கு வராது. பூ வேலைக் கல் வைத்து ஓட்டை விட்ட சுவரும், இடுப்பளவு அரைச்சுவரும் கணக்கில் சேராது.

அடுத்தது மூலைமட்டம். மேசன் செய்கிற மாதிரியே, ஒரு சுவரில் 3 அடியும் மற்றதில் 4 அடியும் குறித்து, குறிகளுக்கு நடுவே 5 அடி வருகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டு வடகிழக்கு மூலையில் ஒன்றரை அங்குலம் கூட வந்தது. கட்டினவர் என் மாமனார், ஆகவே விட்டுவிட்டேன். முக்கோணப் பெட்டிக்கு இதனால் ஒன்றுமில்லை. குழல் வகைக்குப் பெட்டியின் பின் ஓரத்துக்கும் சுவருக்கும் இடையில் நீக்கல் இருந்தால் பேஸ் அந்த வழியாகக் கசியும். கதவுக்கு ஒட்டுகிற ரப்பர் ஸ்பஞ்ச் பட்டியை அந்த ஓரத்தில் ஒட்டி இறுக்கித் தள்ளிவிட்டால் சரி. சுவரடியில் ஓடுகிற சீமெந்து விளிம்பு தடுத்தால், பெட்டியை வெட்டாதீர்கள். விளிம்பை உடையுங்கள். விளிம்பைத் திருப்பிப் பூசலாம்.

மூலையே இல்லாதவர்கள் கனத்த பிளைவூட்டில் இரண்டு சிறகு செய்து பெட்டிக்குப் பின்னால் பொய் மூலை கட்டுவதுண்டு. வேலை செய்யும். ஒவ்வொரு சிறகும் நாலடி அகலம் வரும், பின்னால் தாங்கு கட்டை வேண்டும். வீட்டில் உள்ளவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஈசான மூலையில் பாரம் வைக்கலாமா?

சிரிக்காதீர்கள், இதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. ஈசான மூலை லேசாகவும் துப்புரவாகவும் இருக்க வேண்டும், பாரத்தைக் கன்னி மூலையில் வைக்க வேண்டும் என்பது வாஸ்து பார்ப்பவர்கள் சொல்வது. ஸ்டீரியோவுக்கோ ஒரே சுவரின் இரண்டு மூலையும் வேண்டும். கிழக்குச் சுவர், வடக்குச் சுவர் எதை எடுத்தாலும் ஈசானம் அகப்படும். எடுக்காமல் தப்ப வேண்டுமென்றால் தெற்குச் சுவரோ மேற்குச் சுவரோதான். எங்கள் வீட்டில் அந்த இரண்டிலும் கதவு. எங்கள் வீட்டு மாமி ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு வடகிழக்குப் பெட்டியின் மேல் அவரே ஒரு பிள்ளையார் படத்தை வைத்தார். அது பேஸுக்குக் கிறுகிறுவென்று அதிர்ந்ததால் அடியில் ஒரு துண்டு ஃபெல்ட் ஒட்டிக் கொடுத்தேன்.

இரண்டு மூலைக்கும் இடையில் தூரம் கூடினால் ஸ்டீரியோ பிரிந்து போகாதா?

போகும், அறை நீளமென்றால். மூலைப் பெட்டி 45 பாகையில் அறையின் உள்ளே பார்த்து நிற்கும். திருப்ப முடியாது. ஆகவே இரண்டும் பார்க்கிற கோடுகள் எங்கே வெட்டுகின்றனவோ அங்கே கதிரையைப் போட வேண்டும். 16 அடிச் சுவர் என்றால் அது சுவரிலிருந்து 8 அடியில் வரும். இருபது இருபத்திரண்டு அடிச் சுவரில் நடுவில் ஒரு வெறுமை விழும். பாடகர் இடது மூலையில் பாதி, வலது மூலையில் பாதி. கிளிப்ஷ் இதற்கு இரண்டு பக்க ஒலியையும் கலந்து நடுவில் மூன்றாவது ஸ்பீக்கர் வைக்கச் சொன்னார். அதற்காக 1957இல் அவர் செய்த சின்னப் பெட்டிக்கு ஹெரசி என்று பெயர். சமய விரோதம் என்று பொருள். வாழ்நாள் முழுக்க மூலை, மூலை என்று போதித்தவர் மூலை வேண்டாத பெட்டி செய்தால் அது விரோதம்தானே என்று கூட இருந்தவர் ஒருவர் பகிடி பண்ண, அதையே பெயராக வைத்துவிட்டார்.

எங்களுடையது ஓட்டு வீடு. சீலிங் கிடையாது. பரவாயில்லையா?

பரவாயில்லை மட்டுமல்ல, சில விதத்தில் நல்லது.

மூலை ஸ்பீக்கரின் பெரிய குறை, அறையின் சொந்தச் சுருதிகளை எல்லாம் எழுப்பிவிடுவது. எங்கள் ஹோல் 16க்கு 12 அடி. நீளவாக்கில் 36 ஹேர்ட்ஸ், அகலவாக்கில் 48 ஹேர்ட்ஸ் அளவில் அறை தானாகவே முழங்கும். மூலையில் இருந்து தள்ளும்போது இரண்டும் முழு வீச்சில் எழும். கொங்கிறீற் தட்டுப் போட்ட வீட்டில் இது தலையிடி. ஒரு சுரம் வரும்போது மட்டும் "ஹூம்" என்று அடைக்கும். ஓட்டு வீட்டில் சரிந்த கூரை ஒலியை ஒரே இடத்துக்குத் திருப்பாது. உள்சுவர்கள் கூரை வரை போகாததால் பேஸ் சுவருக்கு மேலால் அடுத்தடுத்த அறைகளுக்கு வழிந்துவிடும். ஹோலில் பேஸ் கொஞ்சம் குறையும், ஆனால் துப்புரவாக இருக்கும். சமையலறையில் நின்று கேட்டாலும் பாட்டு விளங்கும். இரகசியம் எதுவும் மிஞ்சாது.

கொங்கிறீற் வீடென்றால் எதிர்ச் சுவரில் புத்தக அலுமாரி, மெத்தை போட்ட செற்றி, கனத்த திரைச்சீலை இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். மேல் சுருதிகளின் எதிரொலி அடங்கும். 36 ஹேர்ட்ஸுக்குத் திரைச்சீலை ஒன்றும் செய்யாது. கதிரையை ஒரு அடி முன்னே பின்னே நகர்த்துவதுதான் மருந்து. அறையின் சரி நடுவில் மட்டும் உட்காராதீர்கள், அங்கே அந்த அடிச் சுருதிகள் கேட்கவே கேட்காது.

என்ன அம்பிளிபயர் வேண்டும்?

சின்னது. கிளிப்ஷ்ஹோர்னுக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீற்றரில் 105 டெசிபல் என்று கம்பனி சொல்கிறது. சாதாரணச் சின்னப் பெட்டி 87 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 18 டெசிபல், அதாவது 63 மடங்கு. மற்றவர் 63 வாட்டில் எடுக்கிற சத்தத்தை நீங்கள் 1 வாட்டில் எடுப்பீர்கள். பழைய வால்வு ரேடியோகிராமின் அம்பிளிபயரே போதும். ஆனால் ஒன்று, இவ்வளவு கூர்மையான ஸ்பீக்கரில் அம்பிளிபயரின் இரைச்சலும் ஹம் சத்தமும் அதே 63 மடங்கு சக்தியோடு வரும். ஃபேன் போட்டால் மறைந்துவிடும் என்பது வேறு கதை.

பழைய டனாய் பெட்டிகளுக்குள் இருந்த மொனிற்றர் ரெட் ஸ்பீக்கர் 15 ஓம். பின்னால் வந்த கோல்ட் 8 ஓம். (நம்மூர் ஓம் அல்ல, மின்தடை ஓம்.) 15 ஓம் ஸ்பீக்கரை 8 ஓம் அம்பிளிபயரில் கொடுத்தால் ஒன்றும் எரியாது, சத்தம் கொஞ்சம் குறையும். அமெரிக்காவிலிருந்து அம்பிளிபயர் வந்தால் பின்பக்கத்தைப் படித்துவிட்டுச் செருகுங்கள். அங்கே 120 வோல்ற், இங்கே 230. இறக்கு டிரான்ஸ்போமர் இல்லாமல் செருகினவர்களின் அம்பிளிபயர்கள் சில என் மேசையில் புகை மணத்தோடு கிடக்கின்றன.

பழையது வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

என் சோடியைக் கொழும்பில் ஒருவரிடம் வாங்கினேன். "திறக்கவேயில்லை அண்ணன், அப்பிடியே இருக்கு" என்றார். பெரிய மண்டபத்தின் நடுவில் வைத்துப் போட்டுக் காட்டினார். பேஸே இல்லை. மூலை இல்லாததுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. நான் உதட்டைப் பிதுக்கினேன், விலை இறங்கியது. லாபம் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மூலையில் வைத்தும் ஒன்றில் கரகரப்பு. முன் துணியைக் கழற்றி, எட்டுத் திருகையும் எடுத்து, 15 அங்குல ஸ்பீக்கரை இரண்டு பேர் பிடித்து வெளியே தூக்கினோம். பெட்டிக்குள்ளே குளவி மண்கூடு. ஒன்றல்ல, ஏழெட்டு. காய்ந்த மண் பொடி கோனின் முதுகில் விழுந்து, பேஸ் வரும்போதெல்லாம் குதித்துக்கொண்டிருந்தது. வண்ணத் தூரிகையால் தட்டித் தட்டி எடுத்தேன். அத்தோடு ஒரு பல்லி முட்டை ஓடு. திறக்கவேயில்லை என்றவர் அந்த வகையில் பொய் சொல்லவில்லை.

ஆகவே: கோனின் இரண்டு பக்கத்தையும் விரல்களால் சமமாக, மெதுவாக உள்ளே அமத்துங்கள். உரசல் சத்தம் வந்தால் சுருள் வளைந்திருக்கிறது, விட்டுவிட்டு வாருங்கள். விளிம்பு என்ன பொருள் என்று பாருங்கள். மடித்த காகிதமோ துணியோ என்றால் எங்கள் காலநிலையைத் தாங்கும். எழுபதுகளில் வந்த ஸ்பஞ்ச் விளிம்பு ஈரத்துக்குப் பசை மாதிரி ஆகி உதிரும். டனாயில் 1974க்குப் பிறகு வந்த எச்பிடி ஸ்பீக்கர்களுக்கு இந்தப் பிரச்சினை உண்டு. விளிம்பு மாற்றலாம், ஆனால் அந்தச் செலவையும் விலையில் கழியுங்கள்.

மீற்றர் கொண்டுபோங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 அளவில் காட்டும், 15 ஓம் 10க்கு மேல். முள் அசையாவிட்டால் சுருள் எரிந்தது. ஒன்றரை வோல்ற் டோர்ச் பற்றரியை வயரில் தொட்டுப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரின் கோனும் ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்றால் யாரோ வயரை மாற்றியிருக்கிறார்கள். அந்த நிலையில் எந்த மூலையும் பேஸ் தராது. மேல் சத்தத்துக்கான டுவீட்டரில் பற்றரியை வைக்காதீர்கள்.

பேஸையும் மேல் சத்தத்தையும் பிரித்துக் கொடுக்கிற கிராஸ்ஓவரிலுள்ள கண்டென்சர்கள் ஐம்பது வருடத்தில் மாறியிருக்கும். மேல் சத்தம் மங்கலென்றால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். டனாயில் மேல் சுருதியைச் சரிசெய்கிற சுவிச்சுகள் ஊத்தை பிடித்திருந்தாலும் அதே குறிதான். பத்து முறை திருப்பினாலே பாதி சரியாகும்.

விலை கேட்காதீர்கள். கொழும்பில் ஒன்று, வெளிநாட்டுப் பணத்தில் ஒன்று, விதவை அம்மா வீட்டில் ஒன்று. கடைசியில் சொன்ன இடத்தில் நியாயமாகக் கொடுங்கள்.

கடற்கரை ஊரில் இவை தாங்குமா?

பார்த்துக்கொண்டால் தாங்கும். உப்புக் காற்றுக்கு வயர் முனைகள் பச்சைக் களிம்பு பிடிக்கும். வருடம் இருமுறை கழற்றித் துடைத்துப் பூட்டுங்கள். மூலையில் சுவரோடு ஒட்டி நிற்பதால் மாரியில் சுவர் ஈரம் நேரே பலகைக்கு ஏறும். வெளிச்சுவர் மூலை என்றால் ஐப்பசிக்கு முன் வெளிப்பூச்சில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கறையானும் சுவர் மூலை வழியாகத்தான் ஏறும். மாதமொருமுறை பெட்டியை இழுத்து முதுகைப் பார்ப்பது உத்தமம்.

வெள்ளத்துக்குப் பயந்து கல்லின் மேல் தூக்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். 2011 தை மாத வெள்ளத்தைக் கண்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிலம்தான் மூன்றாவது சுவர். ஒரு அடி தூக்கினால் குழல் வகையின் வாய் கீழே திறந்துபோகும். தூக்குவதானால் மாரியில் மட்டும் தூக்குங்கள். அல்லது நாலு பக்கமும் பலகை அடைத்த மேடையாகச் செய்யுங்கள்.

நாங்களே கட்டலாமா?

மடித்த குழல் வேண்டாம். ஒவ்வொரு மடிப்பும் கோணம் தவறாமல், காற்றுப் புகாமல் வெட்ட வேண்டும். நல்ல தச்சு வேலைக்காரருக்கே இரண்டு மாத வேலை.

ஆனால் எங்கள் ஊருக்குப் பொருத்தமான ஒன்று இருக்கிறது. வார்ஃப்டேல் என்ற ஸ்பீக்கர் கம்பனியைத் தொடங்கிய கில்பர்ட் பிரிக்ஸ், மூலையில் செங்கல்லால் ஸ்பீக்கர் பெட்டி கட்டினவர். இரண்டு சுவர் ஏற்கனவே இருக்கிறது. முன்னால் மட்டும் குறுக்கே ஒரு சுவர் எழுப்பி, அதில் ஸ்பீக்கர் பூட்டுகிற பலகையை வைத்து, மேலே மூடிவிட்டால் பெட்டி. செங்கல் அதிராது. கறையான் தின்னாது. வாடகை வீட்டுக்குச் சரிவராது, அவ்வளவுதான். பலகையும் அதிராமலிருக்க, இரண்டு பிளைவூட்டுக்கு நடுவே மணல் நிரப்புவதும் அவர் பிரபலப்படுத்திய முறைதான். மணலுக்கு எங்களிடம் பஞ்சமில்லை. ஆனால் கடல் மணல் வேண்டாம், உப்பு ஈரத்தை இழுக்கும். ஆற்று மணலைத் தாச்சியில் வறுத்து ஆறவிட்டு நிரப்புங்கள். ஏறாவூரில் ஒரு தம்பி இப்படிக் கட்டியிருக்கிறார். மேசன் வேலைக்கு ஒரு நாள், பூசுவதற்கு ஒரு நாள். பெட்டியின் மேல் அவருடைய உம்மா பூச்சாடி வைத்திருக்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரா?

வருவார். மூலையின் வெளிப்பக்கம் அவருடைய படுக்கை அறை என்றால் நிச்சயம் வருவார். எங்கள் தென்கிழக்கு மூலைக்கு வெளியே கிணறு, ஆகவே தப்பினேன். வடகிழக்கு மூலைக்கு வெளியே பக்கத்து வீட்டு அண்ணனின் சாய்மனைக் கதிரை. இரவு ஒன்பது மணிக்கு மேல் நாதஸ்வரம் போட்டால் மதிலுக்கு மேலால், "தவில்காரனை மட்டும் கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லு மச்சான்" என்று சத்தம் வரும். மதிலைத் தாண்டி அவருக்குப் போவது தவில் மட்டும்தான்.

வந்து கேட்டுப் பார்க்கலாமா?

வாருங்கள். ஞாயிறு பின்னேரம் நல்லது. வரும்போது உங்கள் ஹோலின் நாலு மூலையையும் போனில் படம் பிடித்துக்கொண்டு வாருங்கள். ஸ்பீக்கர் படம் வேண்டாம்.